சிக்காகோ நகரத்து மிக்கேல் சம்மனசு கோவில்

சொற்போரிற் பிறரை வாயடக்கிவிட்டுப் பின்னர்த் தம் கட்சிக்குச் சான்று தேடி நூலகம் புகுவார் உலகிற் பலர். சென்ற ஆண்டு யானும் அவருள் ஒருவனாய் எங்கள் கல்லூரி நூலகத்துட் புகுந்தேன். தேடிய சான்று கிடைத்தது. ஆயின், அச்சான்று முற்றும் என் பக்கம் நின்று பேச மறுத்துவிட்டது. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர் விளைந்தவாற்றை முதற்கண் உரைத்தல் வேண்டும். என் தமையனார் பெங்களூரில் அலுவல் பார்ப்பவர். அவருடைய மகள், எட்டு வயதுச் சிறுமி, அந்நகரிலே புதுநன்மை வாங்கினாள். குடும்பத்தார் அனைவரும் சென்றிருந்தோம். பூசையும், பிரசங்கமும், பாட்டும் யாவும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. எண்பது வயது கடந்த எங்கள் பாட்டியார் செபமாலையைக் கையிற் பற்றியபடி முன்வரிசையில் வீற்றிருந்தார். வீடு திரும்பியதும், "பிள்ளை பரலோக மந்திரம் சொன்னாளா? பிரியதத்தம் சொன்னாளா? எது எப்போது வந்ததென்று எனக்கு விளங்கவில்லையே" என்று மெல்ல வினவினார். குழந்தை அவற்றை ஆங்கிலத்தில் ஒப்பித்துக் காட்டிற்று. பாட்டியார் தலையசைத்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

யானோ தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன். பொறுத்திலேன். "தாய்மொழி போன வீட்டில் விசுவாசமும் மூன்றாந் தலைமுறைக்கு நில்லாது, அண்ணா" என்று பலர் முன்னிலையிற் கடிந்துரைத்தேன். தமையனார் மறுமொழி கூறவில்லை. மதினியார் பரிமாறிக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைய விருந்து ஒருவருக்கும் சுவைக்கவில்லை.

கல்லூரிக்கு மீண்டபின்பு, கூறியது மெய்யே என நிறுவும் விருப்பம் என்னை விட்டபாடில்லை. கடல் கடந்து சென்று, தம் மொழியை இழந்து, அதனோடு விசுவாசத்தையும் இழந்த மக்கள் யாரேனும் உளரோ என ஆராயப் புகுந்தேன். அப்பொழுதுதான் அமெரிக்காவிற் குடியேறிய ஜெர்மன் கத்தோலிக்கரின் வரலாறு கண்ணிற் பட்டது. யான் விருந்தில் வீசிய சொல்லையே அவர்கள் நூறாண்டுகளுக்கு முன்னர் ஒரு கோட்பாடாகக் கொண்டு போராடியிருந்தனர். 'மொழி விசுவாசத்தைக் காக்கும்' என்பது அவர்தம் மந்திரம். அம்மந்திரத்தின் பேரில் அவர்கள் எழுப்பிய கோவில்கள் பல. அவற்றுள் ஒன்றன் கதையை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். அது சிக்காகோ நகரின் வடபாலுள்ள அர்ச்சியசிஷ்ட மிக்கேல் சம்மனசு கோவில். இக்காலத்தார் 'புனித மிக்கேல் வானதூதர்' என வழங்குவர். பாட்டியார் வழங்கும் பெயரே என் நாவிற்கு இசைவாயிருத்தலின் அதனையே மேற்கொண்டேன்.

1840 முதலான ஆண்டுகளில் ஜெர்மன் நாடுகளில் உருளைக்கிழங்கு நோயுற்று அழிந்தது, விளைச்சல் குன்றியது, 1848 இல் எழுந்த அரசியற் கிளர்ச்சி தோல்வியுற்றது. ரைன் ஆற்றுப் பக்கத்தும், பவேரியாவிலும், பாடன் நாட்டிலும் வாழ்ந்த உழவரும் தொழிலாளரும் கூட்டங்கூட்டமாய்க் கப்பலேறினர். அவர்களுட் பலர் சிக்காகோவை அடைந்தனர். அந்நகரின் வடபுறத்தில் முட்டைக்கோசுத் தோட்டமிட்டும், தோல் பதனிட்டும், தச்சு வேலை செய்தும், பீர் வடித்தும் பிழைத்தனர்.

அவர்களுக்கு என 1846 இலேயே அந்நகரில் இரண்டு பங்குகள் தோன்றியிருந்தன. குடி பெருகப் பெருக அவை போதாவாயின. 1852 இல் மற்றொரு பங்கு ஏற்பட்டது. அதற்கு நிலம் ஈந்தவர் மிக்கேல் டைவர்சி என்பவர். பீர் வடிசாலை நடத்திச் செல்வரானவர். அவருடைய பெயர்ச் சம்மனசின் பெயரே கோவிலுக்கும் இடப்பட்டது. முதற் கோவில் மரத்தால் ஆயது. 750 டாலர்ச் செலவில் முடிந்தது. அதனைக் கோவில் என்பதினும் கொட்டகை என்பது பொருந்தும்.

இவ்விடத்தில் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அந்நாளிற் கத்தோலிக்கப் பூசை பெரும்பாலும் இலத்தீன் மொழியிலேயே நடைபெற்றது. பவேரியாவிற் கேட்ட அதே இலத்தீனைச் சிக்காகோவின் எந்தக் கோவிலிலும் ஒருவன் கேட்டிருக்கலாம். அவ்வாறாயின், தனிக்கோவில் எற்றுக்கு? வறியவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொட்டி ஜெர்மன் கோவில் ஒன்று ஏன் எழுப்புதல் வேண்டும்?

இவ்வினாவிற்கு விடை என் சொந்த அனுபவத்திலேயே கிடந்தது. கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், தவக்காலத்தில், தமிழறியாத குருவானவர் ஒருவரிடம் ஆங்கிலத்திற் பாவசங்கீர்த்தனம் செய்ய நேர்ந்தது. கற்ற சொற்களைத் தேடித்தேடி அடுக்கினேன். இலக்கணப் பிழையின்றி உரைத்தேன். உரைத்து முடித்தபோது, அவை எவனோ ஒருவன் செய்த பாவங்கள் போலவே எனக்குத் தோன்றின. அம்மொழியில் யான் பொய் சொல்லியதுமில்லை, தாயோடு சினந்ததுமில்லை, ஆதலின் அம்மொழியில் நாணமும் பிறக்கவில்லை.

அந்த ஜெர்மன் மக்கள் வேண்டியதும் இதுவே. பூசை பொதுவாயிருக்கலாம். ஆனால், பாவத்தை உரைக்கும் மொழி, பிரசங்கத்திற் கண்ணீர் வருவிக்கும் மொழி, பிள்ளை ஞானோபதேசம் பயிலும் மொழி, இறப்பார் காதிற் குரு ஓதும் ஆறுதலின் மொழி, இவை நான்கும் தம்முடையனவாயிருத்தல் வேண்டும் என அவர்கள் கருதினர். அந்நாளில் அமெரிக்கத் திருச்சபையில் ஐரிஷ் குருக்களே பெரும்பாலாரென்க. அவர்கள் பிரசங்கித்தது ஆங்கிலத்தில். கடல் கடந்து வந்த ஜெர்மன் கிழவி ஒருத்திக்கு அப்பிரசங்கம், என் பாட்டியார்க்குப் பெங்களூர்ப் பிரசங்கம் எப்படியோ அப்படியே இருந்திருக்கும்.

நம் நாட்டுக் கதை இதற்கு மறுதலையானது. இங்கே கடல் கடந்தவர் குருக்கள், மக்களல்லர். போர்ச்சுக்கல் நாட்டு அண்டிரீக் அடிகளார் 1578 இல் கொல்லத்தில் தமிழில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். இத்தாலி நாட்டு வீரமாமுனிவர் தமிழிற் காப்பியமே பாடினார். வந்தவர் நம் மொழியைக் கற்றனர். ஆதலின் நம் முன்னோர் மொழிக்கெனக் கோவில் எழுப்ப நேரவில்லை. ஜெர்மன் மக்களோ தாமே அயலாராய்ச் சென்றவர். தம் மொழி பேசும் குருவைத் தாமே தேடிக்கொள்ளவேண்டியவராயினர்.

தேடியும் எளிதிற் கிடைத்திலர். முதல் எட்டாண்டுகளிற் குருக்கள் பலர் வந்து வந்து போயினர். 1860 இல் சிக்காகோ மேற்றிராணியார் தக்கன் ஆண்டவரின் அழைப்பின்பேரில் ரெடம்ப்டோரிஸ்டுகள் எனப்படும் இரட்சகர் சபைக் குருக்கள் அப்பங்கை ஏற்றனர். அச்சபை 1732 இல் இத்தாலியில் அர்ச். அல்போன்ஸ் லிகோரியாரால் நிறுவப்பெற்றது. ஏழை எளியவர்க்குப் பிரசங்கித்தலையே தன் தொழிலாகக் கொண்டது. 1832 முதல் அமெரிக்காவில் ஜெர்மன் மக்களிடையே உழைத்து வந்தது. அவர்கள் வந்தபின் பங்கு நிலைபெற்றது. பெண்பிள்ளைகட்குக் கல்வி புகட்ட, பவேரியாவில் 1833 இல் தோன்றிய நோத்தர்தாம் பள்ளிச் சகோதரிகள் என்னும் கன்னியர் வந்தனர். கோவிலுக்கு அருகே பள்ளியும், பள்ளிக்கு அருகே மடமும், சுற்றிலும் வீடுகளுமாய் ஒரு ஜெர்மன் ஊரே அங்கு உருவாயிற்று.

பின்னர், 1866 இல் பெருங்கோவில் ஒன்றற்கு அடிக்கல் நாட்டினர். செங்கல்லாற் கட்டப்பட்ட அக்கோவிலுக்கு 1,30,000 டாலருக்கு மேற் செலவாயிற்று. 750 டாலர்க் கொட்டகை எழுந்து இருபது ஆண்டு நிறையவில்லை என்பதை ஈண்டு நினைவுகூர்க. கொடுத்தவரிற் பெரும்பாலார் கூலியாட்களும் சிறுதொழிலாளருமே. மிக்கேல் சம்மனசின் திருநாளாகிய 1869 செப்டம்பர் 29 ஆம் நாள் கோவில் அபிஷேகம் பெற்றது. நிலம் ஈந்த டைவர்சி அதனைக் கண்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே காலமானார்.

இரண்டாண்டுகள் சென்றன. 1871 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, நகரின் தென்மேற்குப் புறத்தில் ஒரு மாட்டுக் கொட்டிலில் தீப்பற்றியது. மழை காணாது உலர்ந்திருந்த மரவீடுகள். மரப்பலகை பாவிய நடைபாதைகள். தென்மேற்கிலிருந்து வீசிய கடுங்காற்று. தீ ஆற்றைத் தாண்டிற்று. நகரின் நடுவிடத்தை விழுங்கிற்று. மீண்டும் ஆற்றைத் தாண்டி வடபுறத்துட் புகுந்தது. மூன்றாம் நாளில் மழை பெய்து அவிந்தபோது, ஏறத்தாழ 300 பேர் மாண்டிருந்தனர். ஓர் இலட்சம் மக்கள் வீடிழந்திருந்தனர். வடபுறத்து ஜெர்மன் மக்களின் வீடுகள் சாம்பலாயின. டைவர்சியின் வடிசாலையும் அழிந்தது. மிக்கேல் சம்மனசு கோவிலின் உள்ளிருந்த பீடமும், கூரையும், மணிகளும் அழிந்தன. ஆயின், சுவர்கள் நின்றன. சுற்றிலும் கரிந்து கிடந்த வெளியில் அச்செங்கற் சுவர்கள் மட்டும் தனியே நின்ற காட்சியை எண்ணும்போது உள்ளம் நடுங்குகின்றது.

வீடிழந்தவர் முதலிற் கட்டிக்கொள்வது வீடுதானே? அம்மக்கள் வீட்டையும் கட்டினர்; கோவிலையும் உடன் கட்டினர். 1873 அக்டோபர் 12 ஆம் நாள் கோவில் மீண்டும் அபிஷேகம் பெற்றது. இதிலொரு வியப்பு உண்டு. பிஸ்மார்க்கின் ஜெர்மன் அரசு கத்தோலிக்க சபைகளை அடக்கத் தொடங்கி, 1872 இல் இயேசு சபையாரையும், 1873 இல் இரட்சகர் சபையாரையும் நாட்டைவிட்டு வெளியேற்றியது. எவ்வாண்டில் ஜெர்மானிய மண்ணில் அக்குருக்களுக்கு இடமில்லாது போயிற்றோ, அவ்வாண்டில் அமெரிக்க மண்ணில் ஜெர்மன் மொழி பேசுவோர் அவர்களுக்கு மாளிகை போன்ற கோவிலை மறுபடியும் எடுத்துக் கொடுத்தனர்.

1876 இல் கோபுரத்தில் ஐந்து மணிகள் ஏறின. 1888 இல் கோபுரம் உயர்ந்து ஏறத்தாழ 290 அடியாயிற்று. அம்மணியோசை எவர் காதில் விழுமோ அவரே அப்பகுதியின் குடிகள் என்று ஒரு வழக்கும் உண்டாயிற்று. எல்லைக்கல் நாட்டாமல் ஓசையால் ஊரெல்லை வகுத்தனர். 1902 இற் பொன்விழா வந்தது. அப்போது ஜெர்மானிய நகராகிய மூனிக்கிலிருந்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் தருவிக்கப்பட்டன.

இதுவரை படித்தபோது என் உள்ளம் பூரித்தது. 'மொழியே விசுவாசத்தின் வேலி. இதோ சான்று' எனத் தமையனார்க்குக் கடிதம் எழுதவும் எண்ணினேன். நல்ல வேளையாக எழுதவில்லை.

மேற்படிக்கத் தொடங்கியபோது எதிர்க்கட்சியின் வாதங்களும் வந்து நின்றன. ஜெர்மானிய வணிகராகிய பீட்டர் பால் காஹென்ஸ்லி என்பார் குடியேறுவோர் நலம் காக்க 1871 இல் இரபேல் சம்மனசின் பெயரால் ஒரு சங்கம் கண்டவர். அவரைச் சார்ந்தோர் 1890 இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரிற் கூடி ஒரு விண்ணப்பம் வரைந்து, 1891 இற் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரிடம் சமர்ப்பித்தனர். அமெரிக்கா சென்ற கத்தோலிக்கருட் கோடிக்கு மேற்பட்டோர் விசுவாசத்தை இழந்தனர். ஒவ்வோரினத்தார்க்கும் அவரவர் மொழி பேசும் குருக்களும், தனிப் பங்குகளும் பள்ளிகளும் வேண்டும். மேற்றிராணிமார் அவையிலும் அவ்வினத்தார் இடம் பெறல் வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்க மேற்றிராணிமாரிற் பலர் கொதித்தெழுந்தனர். பால்ட்டிமோர் நகரத்துக் கர்தினால் கிப்பன்ஸும், மின்னசோட்டா நாட்டு அர்ச். சின்னப்பர் நகரத்து அதிமேற்றிராணியார் ஜான் ஐர்லாந்தும் அவருள் முதல்வர். ஒரு திருச்சபையைப் பல நாட்டுச் சபைகளாக உடைப்பதா என்பது அவர்கள் வினா. பாப்பரசர் விண்ணப்பத்திற்கு இசையவில்லை.

ஜான் ஐர்லாந்து பிறந்ததும் ஐர்லாந்து நாட்டிலேயே. அவர்தம் நாட்டு வரலாற்றை எண்ணியபோது என் கட்சியின் அடித்தளம் ஆடத் தொடங்கிற்று. ஐர்லாந்து மக்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் தம் பழைய மொழியைப் பெரும்பாலும் இழந்தவர். ஆயின், விசுவாசத்தை இழந்தனரோ? இல்லை. மொழி போனபின்னும் கத்தோலிக்க விசுவாசத்தைக் கெட்டியாய்ப் பற்றியதோடு, அமெரிக்கத் திருச்சபையின் பாதிச் சுமையையும் தாங்கினர். 'மூன்றாந் தலைமுறைக்கு நில்லாது' என்ற என் தீர்ப்பை அவ்வினம் முழுவதும் எழுந்து மறுத்தது.

ஜெர்மன் மக்களோ தளரவில்லை. இல்லினாய் மாகாணத்தில் 1889 இல் எட்வர்ட்ஸ் சட்டம் என்றொரு சட்டம் பிறந்தது. முக்கிய பாடங்களை ஆங்கிலத்திற் கற்பிக்கும் பள்ளியே பள்ளியெனக் கொள்ளப்படும் என்றது அது. ஜெர்மன் கத்தோலிக்கரும் ஜெர்மன் லூத்தரன் சபையாரும், மறையால் மாறுபட்டவராயினும், மொழியால் ஒன்றுபட்டு எதிர்த்தனர். 1892 இல் ஜெர்மனியிற் பிறந்த ஆல்ட்கெல்ட் என்பவர் மாகாண ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1893 இற் சட்டம் நீக்கப்பட்டது. சட்டத்தால் அம்மொழியை வீழ்த்தல் இயலாதாயிற்று.

சட்டத்தால் இயலாததை அச்சம் செய்தது. 1917 ஏப்ரல் 6 ஆம் நாள் அமெரிக்கா ஜெர்மனியின்மேற் போர் தொடுத்தது. நேற்றுவரை அயலகத்தார் மொழியாயிருந்தது ஒரே நாளிற் பகைவர் மொழியாயிற்று. சிக்காகோவில் ஜெர்மானியர் சங்கம் தன் பெயரை மாற்றிக்கொண்டது; பிஸ்மார்க் பெயர் தாங்கிய விடுதியும் வேறு பெயர் பூண்டது. அதே இல்லினாய் மாகாணத்துக் காலின்ஸ்வில் என்னும் ஊரில் 1918 ஏப்ரல் 5 ஆம் நாள் ராபர்ட் பிராகர் என்னும் ஜெர்மானியத் தொழிலாளியை ஒரு கும்பல் இழுத்துச் சென்று மரத்தில் தூக்கிக் கொன்றது. கொல்லுமுன் தன் பெற்றோர்க்கு ஒரு கடிதம் வரைய அவனுக்கு இடங் கொடுத்தனர். தனக்காக வேண்டிக்கொள்ளுமாறு அவன் அதிற் கேட்டிருந்தான். எழுதியது ஜெர்மன் மொழியில். எம்மொழியின் பொருட்டு ஐயுறப்பட்டானோ அம்மொழியிலேயே இறுதி வேண்டுகோளையும் எழுதினான். கொன்றவர் என வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டோர் அனைவரும் விடுதலையாயினர். இதனைப் படித்த அன்று மேலே படிக்க மனமின்றி நூலை மூடிவிட்டேன்.

போருக்குச் சற்று முன்பே, 1916 இற் சிக்காகோவின் அதிமேற்றிராணியாராய் ஜார்ஜ் மண்டலைன் ஆண்டவர் பொறுப்பேற்றிருந்தார். கோவிற் பள்ளிகளில் முக்கிய பாடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படல் வேண்டும் என அவர் ஆணையிட்டார். அவர் ஐரிஷ் மரபினர் என்று எண்ணற்க. நியூயார்க்கில் ஜெர்மன் குடியில் தோன்றியவர் அவர். தம் பாட்டனார் மொழியைப் பள்ளியினின்றும் விலக்கும் ஆணையிற் கையொப்பமிட்டவர் அவரே. அதனைத் துரோகம் என்பதா? பல மொழி பேசிய ஒரு பெருநகரின் மக்களை ஒரு மந்தையாக்கும் முயற்சி என்பதா? யான் தீர்ப்புக் கூறவல்லேன் அல்லேன். முன்னொரு நாள் விருந்தில் தீர்ப்புக் கூறிய நாவை இப்போது கட்டிக்கொண்டேன்.

அதன் பின்னர் ஜெர்மன் மொழி மெல்ல மெல்ல ஒலி குன்றிற்று. பேரர்கள் ஆங்கிலத்தில் நினைத்தனர், ஆங்கிலத்திற் காதலித்தனர், ஆங்கிலத்திலேயே பாவசங்கீர்த்தனம் செய்தனர். பழைய குடும்பங்கள் வேறிடங்களுக்குப் பெயர்ந்தன. வேறு மக்கள் அவ்வீதிகளிற் குடியேறினர்.

இறுதியாக 1963 வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவ்வாண்டு டிசம்பர் 4 ஆம் நாள் வெளியிட்ட ஏட்டினால், பூசையை மக்கள் தம் மொழியில் நிகழ்த்தும் வாயில் திறந்தது. நம் நாட்டில் அவ்வாயில் வழியே தமிழ் பீடத்தை அடைந்தது. சிக்காகோவிலோ? எம்மக்கள் 'எம் மொழியிற் பிரசங்கம் வேண்டும்' எனக் கூரை வேய்ந்து, தீயிற் கருகி, மீண்டும் எழுப்பி, விண்ணப்பமிட்டு, தேர்தலிற் போரிட்டனரோ, அம்மக்களின் வழித்தோன்றல்கட்கு அந்த வாயில் திறந்தபோது, அவர்தம் மொழி ஆங்கிலமாயிருந்தது. பாட்டன்மார் கனவினும் கருதாத பேறு கிடைத்தது. அப்பேற்றினைப் பெறவேண்டிய மொழி அங்கே இல்லை.

ஆனால் கோவில் இருந்தது. இதுவே என்னைத் திகைப்பித்தது. மொழி போயிற்று, ஆயினும் மணிகள் போகவில்லை. 1871 இன் தீக்கு நின்ற சுவர்களுக்குள்ளே பின்வந்தோர் முழந்தாளிட்டனர். 'மொழி போனால் விசுவாசம் போம்' என்ற மந்திரம் அங்கே பொய்த்தது. அங்ஙனமாயின் மொழி வேண்டாப் பொருளோ? அன்று. அந்த மந்திரத்தை மெய்யென்று நம்பிய மக்கள் இல்லையேல் அச்சுவர்களே எழுந்திரா. தாய்மொழியிற் பாவம் உரைக்கவும், தாய்மொழியில் இறக்கவும் விரும்பிய ஏழையரின் காசே அச்செங்கல். மொழி விசுவாசத்தின் உயிரன்று; ஆயின் அதற்கு முதல் வீடு கட்டிக்கொடுத்த கை மொழியே. கை ஓய்ந்தபின்னும் வீடு நின்றது என்பதற்காகக் கையை மறப்பார் நன்றியில்லாதவர்.

இன்னும் ஒன்று. வெற்றியையும் தோல்வியையும் கணக்கிடும் வரலாற்று நூல்கள் எழுதாது விட்டவர் சிலர் உண்டு. 1920 முதலான ஆண்டுகளில் அக்கோவிலின் முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டிகள் எத்துணையர்! தம் பேரன் புதுநன்மை வாங்கும்போது, அவன் சொல்லும் செபம் எதுவென அறியாமல் செபமாலை மணிகளை எண்ணியிருப்பர். பேரனின் விசுவாசம் கெடவில்லை, உண்மை. பாட்டிக்கு நேர்ந்த இழப்பும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது. பெங்களூரில் யான் கடிந்திருக்க வேண்டுவது தமையனாரை அன்று; தமையனார் காணவேண்டியிருந்தது பாட்டியாரின் முகத்தை. இருவரும் தத்தம் கட்சியையே கண்டோம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர்கள் ஊருக்கு வந்திருந்தனர். மதினியாரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கே மறந்துவிட்டேன், தம்பி" என்றார்; மறக்கவில்லை என்பது முகத்திற் புலனாயிற்று; ஆயினும் காப்பி இரண்டாம் முறையும் ஊற்றினார். நள்ளிரவுப் பூசைக்குப் புறப்படுமுன் திண்ணையில் அமர்ந்து பாட்டியார் ஒரு பழைய பாட்டை மெல்லப் பாடினார். மார்கழி இரவின் அமைதியைப் பாடும் அப்பாட்டின் மெட்டைக் கேட்டதும் சிறுமி ஓடிவந்து தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களால் உடன் பாடினாள். ஒருவர் சொல் மற்றவர்க்கு விளங்கவில்லை. மெட்டு மட்டும் தவறவில்லை. அந்தப் பாட்டு 1818 இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ப் என்னும் சிற்றூர்க் கோவிலில் முதன்முதல் ஒலித்தது. அதன் சொற்களை எழுதியவர் ஜோசப் மோர் என்னும் கத்தோலிக்கக் குரு. எழுதிய மொழி ஜெர்மன். பாடிய இருவருக்கும் அது தெரியாது. யானும் அப்போது சொல்லவில்லை.

பாட்டு முடிந்ததும் பாட்டியார் சிறுமியைத் தம்மருகில் இருத்தி, பிரியதத்த மந்திரத்தின் முதற் சொல்லைத் தமிழிற் கூறி, "நீ சொல்லு பார்க்கலாம்" என்றார். அவள் சொன்னாள், நாவு பிறழ்ந்தது, மீண்டும் சொன்னாள். அவ்விரவு கோவிலுக்கு நடந்து போகும்வரை நான்கு சொற்கள் தேறின. அவள் பெங்களூர் மீண்டபின், வாரத்திற்கு ஒன்றாக யான் தமிழிற் கடிதம் எழுதுகின்றேன். எழுத்துப்பிழை மலிந்த மறுமொழிகள் வருகின்றன. அவள் மகள் எம்மொழியிற் செபிப்பாளோ, யான் அறியேன். ஆயின், அவள் செபிக்கும்போது, தமிழில் இதனை முதலிற் கற்பித்த கிழவி ஒருத்தி இருந்தாள் என்பதை அவள் அறிதல் வேண்டும். சிக்காகோ நகரத்து மணிகளைப் போல, அத்துணையேனும் பின்வருவார் காதில் விழுக என எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகின்றேன்.